15 வயதுப் பிள்ளை, குடிகாரத் தகப்பன், கல்யாணப் பேச்சு: திருமலையில் (திருகோணமலையில்) யாரிடம் போவது?

கேள்வி, பெப்ரவரி 11

மூதூர்ப் பக்கம், ஊர்ப் பெயர் வேண்டாம். என் பெரியம்மாவின் பேத்தி. 15 வயது, தரம் 10. தாய் குவைத்தில் வீட்டு வேலை. தகப்பன் பின்னேரமானால் குடி, பிறகு அடி. மாமிமார் சேர்ந்து இப்போது கல்யாணம் பேசுகிறார்கள், மாப்பிள்ளைக்கு 27. "கட்டிக் கொடுத்தால் பிள்ளைக்குப் பாதுகாப்பு" என்கிறார்கள். ஹோமில், அதாவது சிறுவர் இல்லத்தில், சேர்ப்பதுதான் பாதுகாப்பு என்று நான் நினைக்கிறேன். வேலை கொழும்பில் என்பதால் அடிக்கடி வர முடியாது. அங்கே இருப்பவர்கள் வழி சொல்லுங்கள்.

பெப்ரவரி 11, இரவு

தம்பி, இரண்டும் வேண்டாம். கல்யாணம் வேண்டவே வேண்டாம், ஹோம் இப்போதைக்கு வேண்டாம். நீங்கள் எழுதியதில் மாமிமாரின் எண்ணம் இருக்கிறது, உங்கள் எண்ணம் இருக்கிறது, பிள்ளை என்ன நினைக்கிறாள் என்று ஒரு வரி இல்லை. முதலில் அவளோடு பேசுங்கள், அதுவும் தகப்பனின் போனில் அல்ல. சிநேகிதி வீட்டில், ரியூசன் முடிந்த பிறகு, எங்கேயாவது. யாருடைய வீட்டில் நின்றால் அவளுக்குப் பயமில்லாமல் நித்திரை வரும் என்று கேளுங்கள். அந்த ஒரு பெயர் கிடைத்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

நான் யார் என்று கேட்பீர்கள். கச்சேரிப் (மாவட்டச் செயலகம்) பக்கம் சின்னதாக ஒரு போட்டோகொப்பிக் கடை வைத்திருக்கிறேன். விண்ணப்பம் நிரப்புவது, கடிதம் டைப் பண்ணுவது, அவ்வளவுதான். சமூக சேவை படித்தவள் இல்லை. ஆனால் படிவம் நிரப்ப வரும் பெண் பிள்ளைகள் கவுண்டரில் நின்று சொல்லும் கதைகள் ஒரு ஒபிஸ் பைலுக்குள்ளும் போகாதவை, அதோடு எந்த உத்தியோகத்தர் எந்த மேசையில் இருப்பார், எந்த நாளில் களத்துக்குப் போய்விடுவார் என்பதும் எனக்கு மனப்பாடம்.

பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர் என்று ஒருவர் இருக்கிறார், நன்னடத்தை உத்தியோகத்தர் என்று இன்னொருவர். முதலாமவரிடம் விஷயத்தைச் சொல்லலாம், இரண்டாமவர்தான் கோர்ட்டுக்குக் கொண்டு போகக் கூடியவர். இருவரும் ஒரே ஆள் என்று நினைத்து ஒருவரிடம் சொல்லிவிட்டுச் சும்மா இருந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். நேரே போக முடியாவிட்டால் 1929, சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் இலக்கம், தமிழில் பேசலாம். இன்றிரவே அடி விழுகிறது என்றால் இதெல்லாம் இல்லை, 119.

மாமிமாருக்கு இப்போது எதுவும் சொல்லாதீர்கள். சொன்னால் கல்யாணத் தேதிதான் முன்னுக்கு வரும்.

பெப்ரவரி 12

பிறப்புச் சான்றிதழ் யாரிடம் இருக்கிறது? தகப்பனிடம் என்றால் சண்டை பிடிக்க வேண்டாம், பிரதேச செயலகத்தில் பிரதி எடுக்கலாம். கிளினிக் கொப்பி, பள்ளிக்கூட ரிப்போர்ட், தாயின் பாஸ்போர்ட் பிரதி, எல்லாவற்றையும் போனில் படம் எடுத்து அவளுக்கு நம்பிக்கையான ஒருவரிடம் இருக்கட்டும். 15 ஆகிவிட்டதால் அடையாள அட்டைக்கும் விண்ணப்பிக்கலாம், பள்ளிக்கூடம் போகிற பிள்ளைக்கு அதிபர் ஊடாகவே போகும். படம் மட்டும் பதிவு செய்த ஸ்டூடியோவில் எடுக்க வேண்டும், என் கடையில் எடுத்தால் ஏற்க மாட்டார்கள் (எவ்வளவோ பேர் என்னோடு சண்டை பிடித்தாயிற்று).

பெப்ரவரி 14

"16 ஆனதும் கோயிலில் தாலியைக் கட்டினால் போதும்தானே, பதிவு பிறகு பார்க்கலாம்" என்று ஒருவர் கீழே எழுதியிருக்கிறார். காதலர் தினத்தன்று நல்ல யோசனை.

1995 இல் இருந்து பொதுச் சட்டத்தில் கல்யாண வயது 18, ஆணுக்கும் பெண்ணுக்கும். தாய் தகப்பன் சம்மதித்தாலும் அதற்குக் கீழே பதிவாளர் எழுத மாட்டார். அதே வருடம் தண்டனைச் சட்டக் கோவையையும் திருத்தினார்கள். 16 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளையோடு உறவு வைத்தால், அவளே சம்மதித்தாள் என்றாலும் சட்டம் அதை வன்புணர்வு என்றுதான் எடுக்கும். அந்த 27 வயது மாப்பிள்ளைக்கு இதை யாராவது அமைதியாகச் சொல்லி வைத்தால் கல்யாணப் பேச்சின் சூடு தானாகக் குறையும். மாமிமாரைத் திருத்த வேண்டியதில்லை, மாப்பிள்ளை வீட்டைப் பயப்படுத்தினால் போதும்.

16க்கும் 18க்கும் இடையில்தான் பெரிய குழி. தாலி கட்டிச் சேர்ந்து இருப்பார்கள், பதிவு இல்லை. அவன் போய்விட்டால் அவள் யாருக்கும் மனைவி இல்லை. பிள்ளை பிறந்தால், தாய் தகப்பன் பதிவுக் கல்யாணம் செய்யாதபோது இருவரும் சேர்ந்து வந்து கேட்டுக் கையெழுத்து வைத்தால்தான் பிறப்புச் சான்றிதழில் தகப்பன் பெயர் ஏறும். ஆள் இல்லாமல் தனியாக அந்தப் படிவத்தை நிரப்ப வருகிற பிள்ளைகளுக்கு அந்தக் கட்டத்தை வெறுமையாக விடச் சொல்வது என் தொழிலிலேயே எனக்குப் பிடிக்காத வேலை. (பராமரிப்புப் பணம் கேட்க முடியும். 1999 ஆம் ஆண்டுச் சட்டத்தில் கல்யாணத்துக்கு வெளியே பிறந்த பிள்ளைக்கும் தகப்பன் கட்ட வேண்டும், நீதவான் நீதிமன்றத்தில் கேட்கலாம். இது தெரியாமல் இருப்பவர்கள் அதிகம்.)

பெப்ரவரி 14, மறுபடி

கிண்ணியாவில் இருந்து ஒரு தங்கச்சி கேட்கிறார், "எங்களுக்கும் 18 தானா" என்று. முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் 1951 ஆம் ஆண்டுடையது, அதில் குறைந்தபட்ச வயது என்று ஒன்று எழுதப்படவில்லை, 12க்குக் கீழே என்றால் காதியாரின் (முஸ்லிம் விவாக நீதிபதி) அனுமதி வேண்டும் என்று மட்டும் இருக்கிறது. திருத்த வேண்டும் என்று முஸ்லிம் பெண்களே முன்னுக்கு நின்று பல வருடங்களாகக் கேட்கிறார்கள். ஆனால் சட்டம் இடம் கொடுக்கிறது என்பதற்காகச் செய்தே ஆக வேண்டும் என்று இல்லையே. ஏ/எல் முடியும் வரைக்கும் கல்யாணப் பேச்சே இல்லை என்று ஒற்றைக் காலில் நின்ற உம்மாமாரை கிண்ணியாவிலும் மூதூரிலும் எனக்குத் தெரியும். பள்ளிக்கூடத்தைப் பிடித்துக் கொள்ளுங்கள் தங்கச்சி. 16 வயது வரை கட்டாயக் கல்வி, அது எல்லோருக்கும் பொதுவான சட்டம். பிள்ளை பள்ளிக்கூடம் வருவது நின்றால் வலயக் கல்வி அலுவலகம் கேட்கலாம், கேட்க வைக்கலாம்.

பெப்ரவரி 15

சிரிக்க ஒன்று. புது அடையாள அட்டை இலக்கத்தில் முதல் நான்கு எண்ணும் பிறந்த வருடம். அடுத்த மூன்று, வருடத்தின் எத்தனையாம் நாள் என்பது, பெண் என்றால் அதோடு 500 கூட்டுவார்கள். வயதை மறைக்கும் அக்காமார் இதை வாசித்திருக்கவே வேண்டாம்.

பெப்ரவரி 20

ஹோம் பற்றி நேற்று இங்கே பெரிய சண்டையே நடந்திருக்கிறது. என் கருத்து இதுதான். இந்த நாட்டில் ஹோம்களில் இருக்கிற பிள்ளைகளில் பெரும்பாலானவருக்குத் தாயோ தகப்பனோ உயிரோடு இருக்கிறார்கள். அனாதைகள் என்று நாம் நினைக்கிற பிள்ளைகள் அனாதைகள் இல்லை, வீட்டில் ஏதோ சரியில்லை என்பதால் அங்கே வந்தவர்கள். நல்ல ஹோம்கள் இருக்கின்றன, இல்லை என்று சொல்லவில்லை. சில பிள்ளைகளுக்கு அதைவிட்டால் இரவு தலை சாய்க்க வேறு இடமே இல்லை. ஆனால் அங்கே போன பிள்ளையின் சிநேகிதிகள், பள்ளிக்கூடம், ஊர், எல்லாமே ஒரே நாளில் அறுந்து போகிறது. வழக்கு என்று போனால் அடித்தவன் பிணையில் ஊரில் உலாவுவான், சாட்சி சொல்ல வேண்டிய பிள்ளை கேற்றுக்குள்ளே இருப்பாள். தண்டனை யாருக்கு என்று அந்தப் பிள்ளை கேட்டால் என்ன பதில் சொல்வது?

அதனால்தான் அந்த ஒரு பெயரைக் கேட்கச் சொன்னேன். சிறுவர், இளையோர் கட்டளைச் சட்டம் 1939 ஆம் ஆண்டுடையது, வெள்ளைக்காரன் காலம், ஆனால் அதில் ஒரு நல்ல வழி உண்டு. பிள்ளையை ஹோமுக்கு அனுப்பாமல் தகுந்த ஒருவரின் பொறுப்பில் நீதவான் ஒப்படைக்கலாம். உறவினராகவும் இருக்கலாம், உறவில்லாதவராகவும் இருக்கலாம். நன்னடத்தை உத்தியோகத்தர் வீட்டைப் பார்த்து அறிக்கை கொடுப்பார். அம்மம்மா வீடு, சித்தி வீடு, எது சரி வருமோ அது. கட்டளை கையில் இருந்தால் தகப்பன் வெறியில் வந்து "என் பிள்ளையைத் தா" என்று கத்தினாலும் பொலிஸுக்குக் காட்ட ஒரு கடதாசி இருக்கும்.

பெப்ரவரி 21

தம்பி தனிச் செய்தி அனுப்பியிருந்தார். பிள்ளை சொன்ன பெயர் அம்மம்மா, சாம்பல்தீவில். நல்லது. அம்மம்மாவுக்கு வயது எத்தனை, வீட்டில் வேறு யார் ஆண்கள், இரண்டையும் கேட்டுக் கொள்ளுங்கள். கேட்கக் கூச்சமாக இருந்தாலும் கேளுங்கள், உத்தியோகத்தர் எப்படியும் கேட்பார்.

மார்ச் 2

"ஏன் பிள்ளை வெளியேற வேண்டும், தகப்பனை வெளியேற்றுங்கள்" என்று ஒரு அக்கா எழுதியிருக்கிறார். நியாயமான கேள்வி. 2005 ஆம் ஆண்டு 34 ஆம் இலக்கக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தில் அதற்கு வழி இருக்கிறது. பிள்ளைக்காகப் பெற்றோர் கேட்கலாம், பிள்ளை யாரோடு வசிக்கிறதோ அவர் கேட்கலாம், பொலிஸும் கேட்கலாம். நீதவான் இடைக்காலக் கட்டளை கொடுக்கலாம், 14 நாளுக்குள் விசாரணை, பிறகு 12 மாதம் வரைக்கும் பாதுகாப்புக் கட்டளை. வீட்டுக்குள் வராதே, பள்ளிக்கூட வாசலில் நிற்காதே என்றெல்லாம் அதில் எழுதலாம்.

ஆனால் தாயும் இல்லாத வீட்டில் தகப்பனை வெளியேற்றிவிட்டு 15 வயதுப் பிள்ளை யாரோடு நிற்பது? மாமிமாரோடா? அந்தக் கட்டளை தாய் ஊரில் இருக்கும் வீட்டுக்கு நன்றாகப் பொருந்தும், இந்த வீட்டுக்கு அல்ல. சாம்பல்தீவுக்குப் போன பிறகு அவர் அங்கே வந்து ஆட்டம் போட்டால் அப்போது அம்மம்மாவே கேட்கலாம். இரண்டையும் தெரிந்து வைத்திருங்கள், முதலில் எது என்பதுதான் விஷயம். கோர்ட்டுக்கு ஆள் பிடிக்கக் காசு இல்லை என்றால் சட்ட உதவி ஆணைக்குழு திருமலையிலும் இருக்கிறது.

காயம் இருந்தால் ஆஸ்பத்திரியில் நட்பு நிலையம் என்று கேளுங்கள், சில இடங்களில் மிதுரு பியச என்று போர்டு இருக்கும், இரண்டும் ஒன்றுதான். வீட்டு அடிக்காகவே வைத்த இடம். "விழுந்துவிட்டேன்" என்று சொல்லி மருந்து எடுத்து வந்தால் பிறகு காட்ட ஒன்றும் இருக்காது.

மார்ச் 9

போன். இதைத் தனியாக எழுத வேண்டும், ஏனென்றால் கடைக்கு வருகிற பிள்ளைகளின் பயத்தில் பாதி இப்போது இதற்குள்தான் இருக்கிறது. யாரோ ஒருவன், பெரும்பாலும் காதல் என்று ஆரம்பித்தவன், படம் வாங்கி வைத்துக்கொண்டு மிரட்டுவான். காசு கேட்பான், அல்லது இன்னொரு படம், அல்லது "வெளியே வா". பிள்ளை வீட்டில் சொல்ல மாட்டாள், ஏனென்றால் சொன்ன அன்றே போனைப் பறிப்பார்கள், மறுநாள் பள்ளிக்கூடத்தையும் நிறுத்துவார்கள், அதற்கடுத்த வாரம் மாப்பிள்ளை தேடுவார்கள். மிரட்டுகிறவனுக்கு இது நன்றாகத் தெரியும், அவன் பலமே நம் வீடுகளின் கோபம்தான்.

போனைப் பறிக்காதீர்கள். செய்திகளை அழிக்காதீர்கள், ஸ்கிரீன்ஷொட் எடுத்து வையுங்கள், காசு கொடுக்காதீர்கள். ஒரு தரம் கொடுத்தால் நிற்காது. ஹிதவதி என்று ஒரு உதவிச் சேவை இருக்கிறது, இணையத்தில் இப்படி மாட்டியவர்களுக்கு வழி சொல்வார்கள். பிள்ளை 18க்குக் கீழே என்றால் 1929 இலும் எடுப்பார்கள். பிறகு பிள்ளையைப் பார்த்து "உன்னில் பிழை இல்லை" என்று ஒருவர் சொல்ல வேண்டும், அதை என் கடைக் கவுண்டரில் வைத்தா அவள் முதல் தரம் கேட்க வேண்டும்?

மார்ச் 10

ஆம்பிளைப் பிள்ளைகளுக்கும் இந்தப் போன் மிரட்டல் நடக்கிறது என்று ஒருவர் எழுதியிருக்கிறார். தெரியும். அதற்குத் தனியாக எழுதுங்கள், சேர்ந்து பேசுவோம்.

மார்ச் 24

இவ்வளவு நாளும் எழுதியதில் எதற்குமே அதிகம் பயப்படாத நான் பயப்படுவது 18 ஆம் பிறந்தநாளுக்குத்தான். எல்லோரும் "18 வரைக்கும் சமாளித்தால் சரி" என்கிறார்கள். ஹோமில் இருந்தால் அன்றோடு வெளியே. உத்தியோகத்தரின் பைல் மூடப்படும். 1929 இல் இனி அவள் சிறுமி இல்லை (பெண்களுக்கு 1938 இருக்கிறது, அதைக் குறித்து வையுங்கள்). சரி, அதே நாளில் இன்னொன்று நடக்கும், அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அவளுடைய அடையாள அட்டைக்கு அன்றில் இருந்து விலை வருகிறது. நுண்கடன் குழுவில் ஒரு கையெழுத்துக் குறைகிறது, அவளைப் போடு. தம்பிக்கு மோட்டார் சைக்கிள் லீசிங், அவள் பெயரில் எடு. பாஸ்போர்ட் எடு, ஏஜென்சிக்காரன் வந்திருக்கிறான்.

என் கடையில் கொஞ்சக் காலம் நின்ற ஒரு பிள்ளை, நல்ல கெட்டிக்காரி, டைப்பிங்கில் என்னைவிட வேகம். 18 ஆனதும் சித்தப்பா வந்து "ஒரு கையெழுத்துத்தான்" என்று கூட்டிப் போனார். மூன்று கம்பனிக் கடன் அவள் தலையில். கட்ட முடியாமல் கடைசியில் அவளும் கல்யாணம் என்று ஒதுங்கினாள். அடித்து உதைத்து யாரும் எதையும் செய்யவில்லை, எல்லாம் பாசமாகத்தான் நடந்தது.

பாஸ்போர்ட் என்று எழுதியதும் மூதூர் ரிஸானா நபீக் நினைவுக்கு வராமல் போகாது, இந்த மாவட்டத்தில் யாருக்கும். 2005 இல் சவுதிக்கு வீட்டு வேலைக்குப் போனபோது அவருக்கு 17 வயது. பிறப்புச் சான்றிதழில் 1988, பாஸ்போர்ட்டில் 1982 என்று கூட்டி எழுதி அனுப்பினார்கள். அவர் பராமரிப்பில் இருந்த குழந்தை இறந்து போக, கொலைக் குற்றம் சாட்டி, 2007 இல் மரண தண்டனை விதித்து, 2013 ஜனவரி 9 அன்று நிறைவேற்றினார்கள். பொய்யாக ஏற்றிய அந்த ஆறு வருடம்தான் அவரை விமானம் ஏற்றியது. சின்னப் பிள்ளை என்று வழக்கில் நிரூபிக்க முடியாமல் போனதற்கும் அதே பாஸ்போர்ட்தான் காரணமாக இருந்தது. அதற்குப் பிறகு வயதைக் "கொஞ்சம் மாற்றி" நிரப்பச் சொல்லி யார் வந்தாலும் நான் பேனையை மூடிவிடுவேன். வேறு கடை பார்ப்பார்கள், தெரியும்.

ஆகவே பிள்ளைக்கு 15 இலேயே சொல்லிக் கொடுங்கள்: அட்டையின் ஒரிஜினல் உன் கையில்தான் இருக்க வேண்டும். பிரதி கொடுத்தால் எதற்குக் கொடுக்கிறாய் என்று அந்தப் பிரதியிலேயே குறுக்காக எழுதிக் கொடு. வாசிக்காத கடதாசியில் கையெழுத்து வைக்காதே, அம்மா கேட்டாலும்.

ஏப்ரல் 6

வேலை பற்றி. யாராவது தையல் மெஷின் என்று ஆரம்பித்தால் நான் எழும்பிப் போய்விடுவேன். சுனாமிக்குப் பிறகு ஒரு தரம், யுத்தம் முடிந்து ஒரு தரம், யார் யாரோ வந்து மெஷின் கொடுத்தார்கள், ஒரே தெருவில் வீட்டுக்கு வீடு மெஷின், தைக்கக் கொடுக்க ஆள் இல்லை. தைக்க விருப்பமுள்ள பிள்ளை தைக்கட்டும், விருப்பம் என்ன என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள்.

ஓ/எல் சரிவராவிட்டால் எல்லாம் முடிந்தது என்றும் நினைக்க வேண்டாம். 2017 இல் தொடங்கிய 13 வருட உத்தரவாதக் கல்வியில், சித்தியடையாத பிள்ளையும் தொழில் பாடங்களோடு தரம் 12, 13 போகலாம், எந்தப் பள்ளிக்கூடத்தில் இருக்கிறது என்று வலயத்தில் கேளுங்கள். தொழிற்பயிற்சி அதிகார சபை, தொழில்நுட்பக் கல்லூரி, இரண்டும் திருமலையில் உண்டு. என்.வி.கியூ (தேசிய தொழில் தகைமை) சான்றிதழ் எடுத்த பிள்ளைக்கும் சும்மா "கோர்ஸ் செய்தேன்" என்கிற பிள்ளைக்கும் சம்பளத்தில் வித்தியாசம் தெரியும்.

உப்புவெளி, நிலாவெளி ஹொட்டல் வேலை என்றதும் ஊர் வாயைத் திறக்கும். ஊர் வாடகை கட்டுவதில்லை. ஆனால் கண்ணை மூடிக்கொண்டும் அனுப்ப வேண்டாம். இரவுப் பணி முடிந்தால் வீட்டில் கொண்டு வந்து விடுவார்களா, ஈ.பி.எப் (ஊழியர் சேமலாப நிதி) பிடிக்கிறார்களா, இரண்டையும் கேட்டால் இடம் எப்படிப்பட்டது என்று தெரிந்துவிடும். 2021 இல் வேலைக்கு எடுக்கக் கூடிய வயதை 16 ஆக்கினார்கள், ஆபத்தான வேலைகளுக்கு 18. 14 வயதுப் பிள்ளையை "வீட்டோடு உதவிக்கு" கேட்கிற பெரிய வீட்டுக்காரருக்கு இதைப் படித்துக் காட்டுங்கள்.

ஏப்ரல் 7

பஸ்ஸை மறந்துவிட்டாய் என்று கிண்ணியாத் தங்கச்சி. மறக்கவில்லை, அதற்கு ஒரு புத்தகமே எழுத வேண்டும். 2009 இல் கிண்ணியாப் பாலம் வந்த பிறகு திருமலைக்கு வந்து படித்த பெண் பிள்ளைகள் எத்தனை பேர். குறிஞ்சாக்கேணியில் பாலம் முடியாமல் கிடந்தபோது 2021 நவம்பரில் மிதவைப் படகு கவிழ்ந்து பள்ளிக்கூடம் போன பிள்ளைகள் இறந்ததையும் இந்த ஊர் பார்த்தது. தூரம், இருட்டு, பஸ்ஸில் உரசுகிறவன், இந்த மூன்றுக்காகவும் பெண் பிள்ளையைத்தான் நிறுத்துவார்கள், உரசுகிறவனை யாரும் நிறுத்துவதில்லை. சிசு செரிய என்கிற பள்ளிக்கூடப் பிள்ளைகளின் பஸ் ஓடுகிற பாதை என்றால் அந்த நேரத்துக்கே போய் வரட்டும், சீசன் ரிக்கற் எடுத்துக் கொடுங்கள். 18க்குப் பிறகு ஸ்கூட்டி லைசென்ஸ். கிழக்கில் பெண்களுக்கு நடந்த பெரிய விடுதலை ஸ்கூட்டி என்று சொன்னால் என் அண்ணன் சிரிக்கிறார். மனைவிக்காக இப்போது அவர் பஸ் நிலையத்தில் காத்து நிற்பதில்லை, அவதான் இவரை ஏற்றி வருகிறா.

மே 19

கேள்வி கேட்ட தம்பியின் அனுமதியோடு எழுதுகிறேன். பிள்ளை சாம்பல்தீவில். மாப்பிள்ளை வீட்டார் "கோர்ட் கேஸ் வேண்டாம்" என்று ஒதுங்கிவிட்டார்கள். மாமிமார் கோபம், தகப்பன் ஒரு தரம் வந்து கத்திவிட்டுப் போனார், அம்மம்மா தண்ணி ஊற்றிக் கொடுத்து அனுப்பினாவாம், அந்தத் துணிவு எனக்கு இல்லை. நீதவான் தற்காலிகமாக அம்மம்மாவின் பொறுப்பில் விட்டிருக்கிறார், அறிக்கை வந்த பிறகு அடுத்த தவணை. பள்ளிக்கூடம் மாற விடுகைப் பத்திரம் கேட்டபோது "தகப்பன் வந்து கையெழுத்து வைக்க வேண்டும்" என்றார்களாம், கோர்ட் கட்டளையின் பிரதியைக் காட்டிய பிறகு கொடுத்தார்கள். கணக்கில் பின்னுக்கு, ஆங்கிலத்தில் நல்லா என்று சொன்னார். ஒரு ரியூசன் போதும், நாலு வேண்டாம், பிள்ளைக்குக் கொஞ்சம் சும்மா இருக்கவும் நேரம் கொடுங்கள்.

மே 20

"முடிவு நல்லபடி வந்ததில் மகிழ்ச்சி" என்று நிறையப் பேர். முடிவு எங்கே வந்தது? அவளுக்கு இன்னும் 16 கூட ஆகவில்லை. இரவில் எழும்பிக் கதவு பூட்டியிருக்கிறதா என்று பார்க்கிறாளாம். பிரதேச செயலகத்தில் உளவளத்துணை உதவியாளர் இருப்பார், ஒரு தரம் போய்விட்டு விடாமல் தொடர்ந்து போகட்டும். "பைத்தியமா என்ன" என்று அம்மம்மா கேட்டால், நித்திரைக்காக என்று சொல்லுங்கள்.

ஜூன் 8

தம்பி கேட்டது: தாய் குவைத்தில் இருந்து காசை இனி அம்மம்மாவுக்கு அனுப்பத் தயார், பொறுப்புக் கொடுக்கச் சம்மதம் என்று வட்ஸ்அப்பில் குரல் பதிவும் அனுப்பியிருக்கிறா, அது போதுமா? போதாது. எழுத்தில் வேண்டும். குவைத்தில் உள்ள இலங்கைத் தூதரகத்தில் போய்க் கையெழுத்து வைத்து உறுதிப்படுத்தி, ஒரிஜினலைத் தபாலில் அனுப்பச் சொல்லுங்கள். எழுதும் போது பிள்ளையின் முழுப் பெயர் பிறப்புச் சான்றிதழில் உள்ளபடியே இருக்க வேண்டும், ஒரு எழுத்து மாறினாலும் திருப்பி அனுப்புவார்கள். கடித மாதிரி ஒன்றை டைப் பண்ணி அனுப்புகிறேன், காசு வேண்டாம். காசில் ஒரு பங்கைப் பிள்ளையின் பெயரில் வங்கியில் போடச் சொல்லி அம்மாவிடம் கேளுங்கள், புத்தகம் அம்மம்மாவின் அலுமாரியில் இருக்கட்டும், ஆனால் எவ்வளவு இருக்கிறது என்பது பிள்ளைக்குத் தெரிய வேண்டும்.